மறுநாள் காலைக்கான பயிற்சி: எய்ட்ஸ் லைஃப்சைக்கிளின் 545 மைல்

சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் கௌ பேலஸ் என்றொரு அரங்கு உண்டு. 2025 வரை, எய்ட்ஸ் பணிகளுக்கு நிதி திரட்டும் எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்ற ஏழு நாள் பயணத்துக்காக, ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, விடியும் முன்பே அங்கே சைக்கிள்கள் வந்து குவியும். நல்ல ஆண்டுகளில் இரண்டாயிரம் பேருக்கும் மேல் கிளம்புவார்கள். கலிஃபோர்னியாவின் கரையோரமாகவும் சலீனாஸ் பள்ளத்தாக்கு வழியாகவும் தெற்கே மிதித்து, அடுத்த சனிக்கிழமை லாஸ் ஏஞ்சலீஸ் போய்ச் சேருவார்கள். மொத்தம் 545 மைல், நம் கணக்கில் 877 கிலோமீட்டர். இரவில் கூடாரத்தில் தூக்கம். ரோடீஸ் என்று அழைக்கப்படும் தொண்டர்கள் சமைப்பார்கள், மூட்டை ஏற்றுவார்கள், காயத்துக்குக் கட்டுப் போடுவார்கள்.

வந்தவர்களில் நிறையப் பேர் பள்ளி நாள்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள். ஆறு மாதத்தில் அவர்களை இந்தத் தூரத்துக்குத் தயார்செய்வது எப்படி, தயாராகியும் சிலர் வழியில் ஏன் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதற்கு இந்தப் பயணத்தைப் போல முழுமையான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது கடினம். 2025 ஜூன் 1 முதல் 7 வரை கடைசிப் பயணம் நடந்து, கதை முடிந்தும்விட்டது.

தொடக்கம் 1994. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் 25 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களின் சாவுக்கு முதல் காரணமாக இருந்தது எய்ட்ஸ். உயிரைப் பிடித்து நிறுத்திய கூட்டு மருந்துகள் பரவலாகக் கைக்கு வந்தது 1996க்குப் பிறகுதான். கலிஃபோர்னியா எய்ட்ஸ் ரைடு என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனம் அப்போது பயணத்தை நடத்தியது. திரளும் பணத்தில் ஏற்பாட்டுச் செலவே அதிகம் போகிறது என்ற மனக்குறை வளர்ந்தது. 2002 முதல் சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் ஃபவுண்டேஷனும் லாஸ் ஏஞ்சலீஸ் எல்ஜிபிடி சென்டரும் தாங்களே சேர்ந்து எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்று நடத்தின. 1994 முதல் எல்லாம் சேர்த்து 30 கோடி டாலருக்கு மேல் திரண்டிருக்கிறது. கொரோனாவால் 2020, 2021 பயணங்கள் நின்றன. பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள், நடத்தும் செலவு ஏறியது. அதனால்தான் முடித்துக்கொண்டார்கள்.

பணம் திரட்டுவதும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே வைக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் ஒருவர் குறைந்தது 3,000 டாலர் சேர்க்க வேண்டியிருந்தது. 50 டாலர் கொடுக்க 60 பேர் வேண்டும். இந்த வேலையை மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டால், நீண்ட சவாரி போக வேண்டிய வார இறுதிகளெல்லாம் கடிதம் எழுதுவதில் போய்விடும். மார்ச் முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்துவிட வேண்டும். முதலில் மிக நெருங்கிய பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. முதல் பத்துப் பெயர்களும் தொகைகளும் நன்கொடைக்கான இணையப் பக்கத்தில் தெரிந்தால் பதினொன்றாமவர் தயங்க மாட்டார். ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாகத் தானும் ஒரு பங்கு போடும் நிறுவனங்கள் அமெரிக்காவில் பல இருக்கின்றன. அதற்கான படிவத்தை யாரும் நினைவூட்டாமல் பலர் நிரப்புவதில்லை. ஆகவே நன்றிக் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிட வேண்டும்.

தடம் உடம்பை எங்கே சோதிக்கிறது

தூரங்கள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறின, வடிவம் மாறவில்லை. முதல் நாள் ஹாஃப் மூன் பே வழியாகக் கடலோரமாக சான்டா குரூஸ், 80 மைல் சுமார். இரண்டாம் நாள்தான் ஆக நீளம்: கிங் சிட்டி வரை 109 மைல் அளவில், அதாவது 175 கிலோமீட்டர். மூன்றாம் நாள் பாசோ ரோபிள்ஸ், 65 மைல் பக்கம். நான்காம் நாள் சான்டா மரியா, 90க்கு மேல். ஐந்தாம் நாள் லொம்போக், ஆறாம் நாள் வென்ச்சுரா, ஏழாம் நாள் மாலிபு கரையோரமாக லாஸ் ஏஞ்சலீஸ்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டாம் நாள் பயமுறுத்தும். உண்மையில் சலீனாஸ் பள்ளத்தாக்கில் பிற்பகலில் வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். தரையும் பெரும்பாலும் சமதளம். அந்த மாலை கிங் சிட்டி சேர்ந்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் சேர்ந்தார்கள். விஷயம் மறுநாள் காலையில் இருக்கிறது. ஊரைத் தாண்டி ஜோலன் சாலையில் கால் சூடாவதற்கு முன்பே ஓர் ஏற்றம் வருகிறது. அதற்குத் தொடை உடைப்பான் என்ற பொருளில் குவாட்பஸ்டர் என்று பெயர். முந்தின நாள் 109 மைலில் செய்த எல்லாத் தவறுக்கும் அந்த ஏற்றத்தில்தான் கணக்குக் கேட்கப்படுகிறது: சாப்பிடாமல் விட்டது, காற்றின் உதவியில் பெரிய கியரில் அழுத்தியது, ஈர ஷார்ட்ஸோடு மாலை முழுக்கச் சுற்றியது. நான்காம் நாள் காலையில் இதே கதை. பாசோ ரோபிள்ஸிலிருந்து மேற்கே நெடுஞ்சாலை 46இல் ஈவில் ட்வின்ஸ் என்னும் இரட்டை ஏற்றம்.

ஆகவே பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று இத்தனை மைல் போன பிறகு, நாளைக் காலை மறுபடி சீட்டில் உட்கார்ந்து ஏற்றம் ஏற முடியுமா? ஒரே நாளில் நூறு மைல் போய்விட்டு மூன்று நாள் படுத்திருப்பவரைவிட, சனி 70, ஞாயிறு 50 என்று போய்விட்டுத் திங்கள் வேலைக்குப் போகிறவர் இந்தப் பயணத்துக்குப் பொருத்தமானவர்.

24 வாரங்கள்

டிசம்பர் நடுவில் தொடங்கினால் மே இறுதிவரை 24 வாரம் கிடைக்கும். முதல் எட்டு வாரம் வாரத்துக்கு மூன்று சவாரி. வார நாளில் இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வார இறுதியில் ஒன்று, 15 அல்லது 20 மைலில் தொடங்கி 35, 40 வரை. மிதிக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கால்கள் ஒரு நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று சுற்றட்டும். புதியவர்கள் பெரிய கியரில் 60 சுற்றில் அழுத்துவார்கள். அது வலுவாக இருப்பதுபோலத் தோன்றும், சுமை முழுக்க முட்டியில் இறங்கும்.

வார மொத்தத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாகக் கூட்டலாம். மூச்சும் இதயமும் ஆறு வாரத்தில் தேறிவிடும். முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாண் அவ்வளவு விரைவில் தேறாது. 40 மைல் சுகமாகப் போயிற்று என்று அடுத்த வாரமே 70 போகிறவருக்கு அந்த இடத்தில்தான் வலி தொடங்கும். மூச்சு தடுக்காததால் அவருக்குத் தவறு தெரிவதில்லை. இதற்காகத்தான் ஒவ்வொரு நான்காம் வாரமும் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கச் சொல்வது. ஆர்வமுள்ளவர்கள் முதலில் கைவிடுவது இந்தக் குறைந்த வாரத்தைத்தான். வலுவாகும் வேலை நடப்பது அந்த வாரத்தில்தான் என்பதால் அதைக் கைவிடவே கூடாது.

அடுத்த எட்டு வாரம் வார இறுதிச் சவாரி 40இலிருந்து 65 மைலுக்கு. வார நாள் ஒன்றில் ஏற்றப் பயிற்சி: பத்து நிமிடம் திணறாமல் ஆனால் உறுதியாக ஏறுவது, ஐந்து நிமிடம் இறங்கி ஆறுவது, மூன்று முறை. உட்கார்ந்தே ஏறப் பழக வேண்டும். எழுந்து நின்று மிதிப்பதை முதுகையும் பின்பக்கத்தையும் ஆற்றுவதற்காக மட்டும், இருபது முப்பது வினாடி வைத்துக்கொள்ளலாம். குளிர்கால மழையில் வீட்டுக்குள் ட்ரெய்னரில், அதாவது சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்கும் கருவியில், மிதிப்பது கால்களுக்கு உதவும். ஆனால் உள்ளங்கை, கழுத்து, பின்பக்கம் மூன்றும் சாலையில் மட்டுமே பழகும்.

கடைசி எட்டு வாரம்தான் இந்தப் பயிற்சியின் உயிர். சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்து ஒரே பாடம். 17ஆம் வாரம் 60, 40 மைல். 18இல் 70, 45. 19இல் 75, 55. 20 குறைந்த வாரம். 21இல் 85, 60. 22இல் 95, 65. பிறகு இரண்டு வாரம் இறக்கம்: முதல் வாரம் உச்சத்தில் பாதிக்குச் சற்று மேல், கடைசி வாரம் மூன்றில் ஒரு பங்கு. சனிக்கிழமை எவ்வளவு வேகம் என்பதைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்று எழுதிவையுங்கள். கால் கல்லாக இருந்தால் சனிக்கிழமை சாப்பாடு போதவில்லை அல்லது வேகம் மிஞ்சிவிட்டது. சீட்டில் உட்காரவே முடியவில்லை என்றால் கோளாறு ஷார்ட்ஸிலோ சீட்டிலோ இருக்கிறது. திருத்துவதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே இது தெரிந்துவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் பயன்.

நூறு மைல் ஒருமுறையாவது போய்ப் பார்க்காமல் மனம் ஆறாது என்பவர்கள் மே நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அதைச் செய்கிறவர் அந்தக் களைப்பைத் தொடக்கக் கோட்டுக்கே சுமந்து போகிறார்.

உட்காரும் இடம்

வழியில் மிதிக்க முடியாமல் உதவி வேனில் ஏறுகிறவர்களிடம் கேட்டால் கால் ஓய்ந்துவிட்டது என்பவர்கள் குறைவு. முட்டி, உள்ளங்கை, உட்காரும் இடம் என்றுதான் பதில் வரும். மூன்றும் சைக்கிள் அளவில் தொடங்குகிறவை.

சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வெறுங்காலில் சுவரோடு நின்று, கவட்டையிலிருந்து தரைவரை அளந்து, 0.883ஆல் பெருக்க வேண்டும். வருவது கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட் மேற்புறம்வரை இருக்க வேண்டிய நீளம். கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் கை, அச்சு அது சுழலும் மையம். கால் அளவு 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான். கால் அடிமட்டத்தில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 பாகை மடிந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் உயரம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் உயரம்தான். மாற்றுவது ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர், பிறகு இரண்டு மூன்று சவாரி, பிறகு அடுத்த மாற்றம். சரியான இடத்தைக் கண்டதும் சீட் கம்பியில் மின்நாடா சுற்றி அடையாளம் வைத்துவிட வேண்டும். சைக்கிளைப் பெட்டியில் அனுப்பி வேறு ஊரில் பூட்டும்போது அந்த அடையாளம் இல்லாமல் தவித்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கடைசி மூன்று வாரத்தில் எதையும் மாற்றக் கூடாது. புதுச் சீட், புது ஷூ, புது ஷார்ட்ஸ் எதுவும்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால். கனமான கையுறை வாங்குவதைவிட, சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து உடம்பை முன்னால் தள்ளுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். பயணம் முடிந்த பிறகும் விரலில் உணர்வு முழுசாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதைச் சிறிய தொல்லை என்று ஒதுக்கக் கூடாது.

பின்பக்கப் புண்ணுக்கு மூன்று காரணம் சேர வேண்டும்: உராய்வு, ஈரம், கிருமி. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் முதல் உராய்வு. கிளம்பும் முன் தோலிலும் பஞ்சிலும் க்ரீம் தடவுவது, மதிய நிறுத்தத்தில் மறுபடி ஒருமுறை. முகாம் சேர்ந்ததும் கூடாரம் அடிப்பதற்கு முன்பே ஷார்ட்ஸைக் கழற்றிக் குளித்து, தளர்வான பருத்தி உடைக்கு மாற வேண்டும். ஏழு நாளுக்கு ஏழு ஷார்ட்ஸ் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் குறைந்தது நான்கு, துவைத்து முழுசாகக் காய்ந்தது மட்டுமே. அந்த இடத்து முடியை மழிப்பது வேண்டாம், மயிர்க்கால் வழியாகக் கிருமி ஏறும். சிறிய பரு தெரிந்த அன்றே மருத்துவக் கூடாரத்துக்குப் போகிறவர் ஏழாம் நாளும் மிதிப்பார். கூச்சப்பட்டு மறைப்பவர் ஐந்தாம் நாள் வேனில் இருப்பார்.

கியர், டயர்

பயணத்துக்கு வந்த பழைய ரேஸ் சைக்கிள்களில் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் ஆகப் பெரிய சக்கரத்தில் 25 பல் என்றிருக்கும். மிதி ஒரு சுற்றுக்கு வண்டி 3.3 மீட்டர் நகரும். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர்தான் போக முடிகிறது என்றால் கால்கள் ஒரு நிமிடத்துக்கு 41 சுற்று மட்டும் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படி ஏறுவதுபோல. முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே வேகத்துக்கு 63 சுற்று. வேகம் கூடவில்லை, முட்டிமேல் விழும் பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை மாற்றும்போது, பின் டிரெய்லியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி, அந்த அளவைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, செயினையும் சேர்த்து மாற்றுவது நல்லது. தேய்ந்த செயின் புதுப் பல்லில் வழுக்கும். புது கேபிள் போட்டால் முதல் சில சவாரிக்குள் தளர்ந்து கியர் பிசகும். ஆகவே இந்த வேலையெல்லாம் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே.

டயர் 28 மி.மீ. அகலம், 75 கிலோ ஆளுக்குப் பின்னால் காற்றழுத்தம் 70 முதல் 75 பிஎஸ்ஐ, முன்னால் ஐந்து குறைவாக. கல்லாக அடித்த டயர் கரடுமுரடான தார்ச் சாலையின் அதிர்வை எல்லாம் கைக்கும் முதுகுக்கும் அனுப்பும். ஆறாம் நாள் தடத்தில் நெடுஞ்சாலை 101இன் ஓரம் வருகிறது. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மயிரிழை எஃகுக் கம்பிகள் அங்கே கிடக்கும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர் ஆவதற்குக் காரணம் அந்தக் கம்பி இன்னும் டயரிலேயே குத்தி நிற்பது. ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் முழுக்க இழுத்துப் பார்த்தால் கம்பி இருக்கும் இடத்தில் சிக்கும். டியூப் இரண்டு, நெம்புகோல் இரண்டு, பம்ப், செயின் இணைப்பு ஒன்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு நிமிடத்தில் பின் டயரைக் கழற்றி மாட்டும்வரை வீட்டிலேயே பழக வேண்டும்.

சாப்பாடும் நேரமும்

உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம்தான். மிதமான வேகத்தில் மணிக்கு 500 கலோரி என்றாலும் ஒன்பது மணி நேரத்துக்கு 4,500. பசித்த பிறகு சாப்பிட்டால் எட்டிப் பிடிக்க முடியாது. முதல் அரை மணியிலேயே தொடங்கி, மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து: ஒரு வாழைப்பழம் 25 கிராம், ஜாம் தடவிய ரொட்டி 40 கிராம் அளவில். வயிறு இதற்கும் பழக வேண்டும் என்பதால் பயிற்சிச் சவாரிகளில் அதே உணவைச் சாப்பிட்டுப் பார்ப்பது அவசியம். முகாமுக்கு வந்த முதல் இரண்டு மணி நேரத்தில், 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 70 கிராம் மாவுச்சத்தும், அதோடு ஒருமுறை 20, 25 கிராம் புரதமும். மறுநாள் ஏற்றத்துக்கான எரிபொருள் இதுதான். களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டு இரவு உணவைத் தவறவிட்டவர்கள்தான் குவாட்பஸ்டரில் இறங்கித் தள்ளினார்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். காலையில் கடற்பனியில் குளிரும், பள்ளத்தாக்கில் மதியம் 35 பாகை தாண்டலாம். பயந்துபோய் வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் எல்லாம் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. பார்க்க நீர் வற்றியதுபோலவே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். கிளம்பும்போது இருந்ததைவிட எடை கூடியிருந்தால் அதுதான் அடையாளம். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு கலந்தால் 600 மில்லிகிராம் அளவு சோடியம் கிடைக்கும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 109 மைல், மணிக்கு 12 மைல், மிதிப்பது மட்டும் ஒன்பது மணி ஐந்து நிமிடம். நான்கு ஓய்வு நிறுத்தம், ஒரு மதிய உணவு. நிறுத்தத்துக்குக் கால் மணி, உணவுக்கு 40 நிமிடம் என்றால் காலை ஆறரைக்குக் கிளம்பியவர் மாலை ஐந்தேகாலுக்குச் சேருவார். நிறுத்தத்துக்கு 25 நிமிடம், உணவுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆறேகால். வேகம் ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரம் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் போக வேண்டியது. தடம் மூடும் நேரத்துக்குள் சேராதவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். பயிற்சிச் சவாரியிலேயே கடிகாரம் பார்த்து நிற்கப் பழகுவது நல்லது.

சாலையில்

இது பந்தயம் இல்லை என்பது விதியிலேயே இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் போவது, முந்துவது இடப்பக்கமாக மட்டும், முந்தும் முன் வாய்விட்டுச் சொல்வது, நிறுத்தப் பலகை ஒவ்வொன்றிலும் முழுசாக நிற்பது, காதில் எதுவும் மாட்டாமல் இருப்பது. ஆயிரம் பேர் ஒரே ஓரத்தில் போகும்போது விபத்துக்கு ஒரு முக்கியக் காரணம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தோடு பின்னால் வருகிறவரின் முன் சக்கரம் உரசுவது. உரசியதும் விழுவது பின்னால் வருகிறவர். ஆகவே நிற்பதற்கும் வேகம் குறைப்பதற்கும் முன்னால் கையைக் காட்டிக் குரல் கொடுக்கும் பழக்கம் பயிற்சியிலேயே வர வேண்டும். நின்றால் சாலையை விட்டு முழுசாக விலகி நிற்பது.

ஐந்தாம் நாள் சிவப்பு உடை நாள். மேட்டிலிருந்து பார்த்தால் வளைந்த சாலையில் எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு நாடாபோல வரிசை நீளும். மிக அழகான காட்சி. அன்று கவனிக்க வேண்டியது தொங்கும் துணி. பாவாடை முனை செயினிலோ பின் ஸ்போக்கிலோ சிக்கினால் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். உடை முட்டிக்கு மேல் இருக்க வேண்டும், இருபுறமும் ஊக்கு குத்தி ஷார்ட்ஸோடு சேர்த்துவிட வேண்டும், முந்தின வார இறுதியில் பத்து மைலாவது அதோடு மிதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள் இரவு வென்ச்சுரா கடற்கரையில் எல்லோரும் மெழுகுவத்தி ஏந்தி, பேசாமல், இறந்தவர்களை நினைத்து நிற்பார்கள். அங்கே செருப்போடு போவது நல்லது. பெடலில் பூட்டும் ஷூவோடு மணலில் இறங்கினால் அதன் அடியில் பெடலைப் பற்றும் க்ளீட்டுக்குள் மணல் புகுந்து, மறுநாள் சிக்னலில் கால் கழறாமல் நின்ற இடத்திலேயே சாய நேரும். திரும்பி வந்ததும் செயினைத் துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், காற்றை விரலால் அழுத்திப் பார்ப்பது, இரண்டு பாட்டிலையும் நிரப்பி வைப்பது. இன்னும் 60 மைலுக்கு மேல் இருக்கிறது.